ஏலகிரி இறக்கம்

மலையில் சைக்கிள் ஓட்ட இந்த மாநிலத்தில் எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் தெருப் பையன்கள்தான். ஆளுக்கு ஒரு கியர் சைக்கிள், தலையில் தொப்பி, கையில் உறை. நானும் சொல்கிறேன். முதல் தடவை என்றால் ஏலகிரி போ. கால் பழகின பிறகு ஏற்காடு. அதற்குப் பிறகு கோத்தகிரி. கொல்லிமலைக்கு எழுபது வளைவு, அதற்குத் திமிர் மட்டும் போதாது. கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். எல்லாரும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏறும்போது ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகாது. மூச்சு வாங்கும், இறங்கித் தள்ளுவான், அவ்வளவுதான். இறங்குவதைப் பற்றி இதுவரை ஒரு பையனும் கேட்டதில்லை.

ஊரைத் தாண்டிப் போய் நான் சைக்கிளில் ஏறியது ஒரே ஒரு மலை, அதுவும் ஒரே தடவை. மற்ற மலைகளைப் பிற்பாடு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு போனேன். அதை அவர்களிடம் சொல்வதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். குடியிருந்தது மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரே அறை. தினமும் மந்தைவெளி, அடையாறு பாலம், கிண்டி என்று சைக்கிளில் போய்வருவேன். இந்த ஊரில் மேடு என்று ஒன்று உண்டா? அடையாறு பாலத்தின் ஏற்றம்தான் எங்களுக்கு மலை. அந்த ஏற்றத்தில்தான் அவனைப் பார்த்தேன். ஊரூர் ஒல்காட் குப்பத்து ஆள். என்னைவிட இரண்டு வயது சின்னவன். மாமனோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போவான். கடல் சரியில்லாத நாள்களில் கோடம்பாக்கம் போய் ஸ்டுடியோவில் ராத்திரி ஷூட்டிங்குக்கு விளக்கு தூக்குவான். காலையில் குப்பத்துக்குத் திரும்பும்போது, பாலம் ஏறுகிற என்னைத் தாண்டிப் போய், மேலே நின்று திரும்பிப் பார்த்து, "இன்னா மச்சி, டிபன் துன்னலியா?" என்று கேட்பான். மூன்றாம் நாள் நான் அவனைத் தாண்டினேன். அப்படித்தான் சிநேகம் ஆனது.

மூன்றாவது ஆள் ஒரு பேங்க் குமாஸ்தா. மயிலாப்பூர் மாடவீதியில் பரம்பரையாக இருந்த குடும்பம். எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவர். அவரிடம் மட்டும் மூன்று வேகம் மாற்றுகிற சீமை சைக்கிள் இருந்தது. லைப்ரரிக்குப் போய் வெளிநாட்டுப் பத்திரிகையில் மலைமேல் சைக்கிள் ஓட்டுகிற வெள்ளைக்காரன் படங்களைப் பார்த்துவிட்டு வருவார். கச்சேரி ரோடு ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து எங்களிடம் சொல்வார்.

"அங்கெல்லாம் மலையில ஓட்டறா. நம்ம ராஜ்யத்துல மலையா இல்லை? ஓட்டறவன்தான் இல்லை."

"மலைக்குப் போனா சாமி கும்புடத்தான் போவாங்க ஐயரே," என்பான் குப்பத்தான். "சைக்கிள் வுட போறேன்னா எங்கம்மா வேப்பிலை அடிக்கும்."

அவரிடம் ஒரு டைரி இருந்தது. சைக்கிள் ஏறக்கூடிய மலைகளை அதில் எழுதி வைத்திருந்தார். பறங்கிமலை: ஒரு பக்கம் படி, மறுபக்கம் ரோடு, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். திருக்கழுக்குன்றம்: படிதான், அடித்துவிட்டார். ஏலகிரி: ரோடு புதுசு, பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பலாம். ஏற்காடு, ஊட்டி, கொல்லி இதெல்லாம் லீவு கிடைத்தால். யாருக்கு லீவு? எனக்கு லீவு போட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. அவருக்கு லீவு உண்டு. அதனால் டைரியில் ஊட்டி இருந்தது.

பழகுவதற்குப் பறங்கிமலை போனோம். அது அலுத்ததும் திரிசூலம் பக்கம் கல் உடைக்கிற குன்றுக்குப் போனோம். லாரி ஏறி இறங்கிய தடம், முழுக்க சல்லிக்கல். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்காது. இப்போது பையன்கள் எதைத் தேடிக் காசு செலவழித்துப் போகிறார்களோ, அது அங்கே சும்மா கிடந்தது. எங்கள் கறுப்பு சைக்கிள்களின் எடைக்கு அதில் ஏறுவது மூட்டை தூக்குகிற வேலை. அவன் மட்டும் ஒரு தடவைகூட இறங்கித் தள்ளாமல் உச்சிவரை ஏறினான். குமாஸ்தா மூன்று வேகத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றார்.

வாட்ச்மேன் கம்போடு வந்தார். "இன்னாய்யா பண்றீங்க இங்க?"

"மலை ஏறிக்கினு கீறோம் நைனா."

"எதுக்கு?"

"எறங்கறதுக்கு."

அந்த ஆள் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு எங்களைத் தடுக்கவில்லை.

அவன் இறங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் எல்லாரும் அவன் வேகமாக வந்தான், ஆட்டம் போட்டான் என்று சொன்னார்கள். பொய். நான் பார்த்த ஆள்களில் அவன்தான் ஜாக்கிரதையாக இறங்குவான். சல்லியில் சக்கரம் எந்தப் பக்கம் வழுக்கும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். கடலில் அலை பார்க்கிற கண். பேச்சுதான் ஆட்டமாக இருக்கும்.

அந்த வருஷம் புரட்டாசியில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. தீயணைப்பு வேலைக்கு மனு போட்டிருந்தான். எழுத்துத் தேர்வு முடிந்து, உடல் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், ஓர் ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அவர்கள் சந்தில் அதுவரை சர்க்கார் வேலைக்குப் போன ஆள் ஒருத்தர்கூட இல்லை. அவன் அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு அடையாறு வீடுகளுக்குப் போகிறவர். கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டிலும் காட்டிவிட்டு வந்தார். வயது வரம்பில் அவன் கடைசிப் படியில் இருந்தான். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை கிடையாது. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

தேர்வுக்கு இருபது நாள் முன்னால் விஜயதசமி வந்தது. குமாஸ்தா டைரியைத் திறந்தார்.

"விஜயதசமி அன்னிக்கு எதை ஆரம்பிச்சாலும் நன்னா வரும். ஏலகிரி போயிட்டு வந்துடலாம். ரயில்ல ஜோலார்பேட்டை, அங்கேர்ந்து பொன்னேரி கூட்டுரோடு. நம்ம பக்கத்துப் பொன்னேரி இல்லை, இது வேற. அங்கேர்ந்து ஏத்தம். சாயங்கால வண்டிக்குத் திரும்பிடலாம்."

குப்பத்தான் யோசித்தான். "இந்த மாசம் வோணாம் ஐயரே. கை கால் ஒட்ச்சிக்கினா எல்லாம் பூடும். தேர்வு முடியட்டும்."

நான்தான் விடவில்லை. இதை யார் மேலும் போட முடியாது. "மலை ஏறி எறங்குனா ஓட்டத்துக்கு நல்லதுடா. மூச்சு வாங்காது," என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "நீ சொல்றியா மச்சி? சரி, வரேன்," என்றான். நான் சொன்னதால் வந்தான்.

பட்டறையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாளே லேத், டிரில்லிங் மெஷின், பெஞ்ச் வைஸ், ஸ்பேனர், எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவோம். பிறகு துணியில் மெஷின் ஆயிலைத் தொட்டு ஓர் இடம் விடாமல் தேய்ப்போம். இரும்பு கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். அதன்மேல் சந்தனம், குங்குமம், பூ. தொழிலாளிகளின் சைக்கிள்களும் வரிசையில் நிற்கும். பூஜை போட்டதை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. நான் அவன் சைக்கிளையும் கொண்டுவரச் சொன்னேன். மலைக்குப் போகிற வண்டி, பூஜை போட்டுப் போகட்டும் என்றேன். அவன் அம்மா சந்தோஷப்பட்டு ஒரு முழம் கனகாம்பரம் கொடுத்தனுப்பினார்.

என் சைக்கிளையும் அவன் சைக்கிளையும் நான்தான் துடைத்தேன். ஹேண்டில்பார், செயின் கவர், ஸ்போக்ஸ், ரிம். ரிம்மையும் துடைத்தேன். எல்லா மெஷினையும் துடைத்த கை, அதே துணி, அதே ஆயில். பளபளவென்று இருந்தது. ரிம்மில் நாலு இடத்தில் சந்தனப் பொட்டு வேறு வைத்தேன். சைக்கிளில் பிரேக் ரப்பர் எங்கே போய்ப் பிடிக்கும்? ரிம்மில். ஓர் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஃபிட்டர். வேறு நாளில் எவனாவது ரிம்மில் ஆயில் போட்டிருந்தால் அவன் தலையில் ஸ்பேனரால் போட்டிருப்பேன். பூஜை என்றால் மட்டும் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

விடிகாலையில் பட்டறையைத் திறந்து வண்டிகளை எடுத்தோம். ரோடு காலி. கிண்டியிலிருந்து சென்ட்ரல் வரை எங்கேயும் பிரேக் பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவனுக்கு நிறுத்துவது என்றால் காலைத் தரையில் தேய்ப்பதுதான் பழக்கம். ஸ்டேஷனில் லக்கேஜ் வேனில் ஏற்றும்போது கைப்பிடியில் சந்தனம் பிசுபிசுத்தது. நான் துடைக்கப் போனேன்.

"பொட்ட அழிக்காத மச்சி. ராசியா கீது," என்றான்.

விட்டுவிட்டேன்.

குமாஸ்தாவின் சைக்கிளுக்கு அவர் வீட்டில் ஒரு பொட்டு, ஒரு பூ. ஆயில் இல்லை. ரயிலில் வழி நெடுக அவர் என்னை வம்புக்கு இழுத்துக்கொண்டே வந்தார். "என்ன ஃபிட்டர் சார், உங்க லோக்கல் வண்டியெல்லாம் மேல வந்து சேருமோ? நட்டு போல்ட்டு எல்லாம் முறுக்கிண்டேளா?" நான் பதிலுக்கு, "என் கை பட்ட வண்டி நிக்காது சார், நீங்கதான் நிப்பீங்க," என்றேன். குப்பத்தான் சிரித்தான். அப்போது எனக்கும் பெருமையாக இருந்தது.

ஏறினோம். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. ஏழாவது வளைவுக்குமேல் நானும் குமாஸ்தாவும் தள்ளினோம். அவன் எழுந்து நின்று மிதித்துக்கொண்டே போனான். ஒவ்வொரு வளைவிலும் மேலே நின்று எட்டிப் பார்ப்பான். "ஐயரே, மூணு கியர் போதுமா, இன்னும் ரெண்டு அனுப்பட்டா?" இப்போது அந்த வளைவுகளுக்கு ஒவ்வொரு பெயர் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். அப்போது பலகை கிடையாது. புதுத் தார், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சின்னக் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே காடு.

அத்தனாவூரில் டீக்கடை. மணி மூன்று இருக்கும். தூறல் போட ஆரம்பித்தது. அவன் கடைக்குள் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். நான் இறங்குவதற்கு முன்னால் வண்டியைச் சரிபார்ப்போம் என்று சரிவில் நாலடி உருட்டிப் பிரேக் பிடித்தேன். பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். சக்கரம் அதுபாட்டுக்கு உருண்டது. குனிந்து பார்த்தேன். ரிம்மெல்லாம் ஆயில். அதன்மேல் சந்தனம் கரைந்து கூழாக இருந்தது. மழைத் தண்ணி அதில் நிற்காமல் முத்து முத்தாக ஓடியது.

கைக்குட்டையை எடுத்தேன். ரோட்டோரச் செம்மண்ணைத் தொட்டு ரெண்டு ரிம்மையும் அழுத்தித் தேய்த்தேன். நாலைந்து தடவை. ரப்பரையும் தேய்த்தேன். பிடித்தது. அந்த நேரம் குமாஸ்தா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன ஃபிட்டர் சார், வண்டி மக்கர் பண்றதோ?"

"ஒன்னுமில்ல. சேறு."

அவன் வண்டி பத்தடி தள்ளி டீக்கடைச் சுவரில் சாய்த்திருந்தது. நான் போய்த் துடைத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. குமாஸ்தா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். துடைத்தால் ஏன் என்று கேட்பார். ஃபிட்டர் ரிம்முக்கு ஆயில் போட்டான் என்று ரயிலில் ஊர்வரை சொல்லிச் சிரிப்பார். பேங்கில் சொல்லுவார். அவர் நகரட்டும், பிறகு துடைக்கலாம் என்று நின்றேன். என் மானம் பத்தடி நகரவில்லை.

"வண்டிக்கு நாழியாச்சு," என்று சொல்லி அவர் முதலில் இறங்கினார். அவன் வாயில் பன்னோடு ஓடிவந்து வண்டியில் ஏறினான். "கீழ பாக்கலாம் மச்சி."

"மெதுவா போடா," என்றேன். சொன்னது அவ்வளவுதான். பிரேக் இருக்கிறவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

நான் பின்னால் இறங்கினேன். மலை ரோட்டில் மேலிருந்து பார்த்தால் கீழே ரெண்டு வளைவு தெரியும். முதல் வளைவை அவன் திருப்பிவிட்டான். இரண்டாவதற்கு முன்னால் அவன் ரெண்டு காலும் தரையில் தேய்வதைப் பார்த்தேன். ஒரு ரப்பர் செருப்பு கழன்று ரோட்டில் கிடந்தது. அவன் கத்தவில்லை. பள்ளத்துப் பக்கம் போகாமல் ஹேண்டிலை ஒடித்துப் பாறைப் பக்கம் திருப்பினான். அந்த வேகத்தில், அந்த நேரத்தில், அப்படி யோசிக்கிறவன் எத்தனை பேர்? வலது முட்டி நேராகப் பாறையில் மோதியது. சத்தம் எனக்கு மேலேவரை கேட்டது.

நான் போனபோது அவன் உட்கார்ந்திருந்தான். முட்டியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. "புடிக்கல மச்சி. புடிச்சேன், புடிக்கல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு மயங்கிவிட்டான்.

அடுத்து நான் செய்ததை எழுதுகிறேன். எங்களைக் காணோம் என்று குமாஸ்தா கீழேயிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி வர எப்படியும் ஐந்து நிமிஷம் ஆகும். நான் அதே கைக்குட்டையை எடுத்து, அவன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ரெண்டு ரிம்மையும் மண் போட்டுத் துடைத்தேன். அவன் பக்கத்தில் மயங்கிக் கிடக்கிறான். நான் ரிம் துடைக்கிறேன். கைக்குட்டையைச் சுருட்டிக் காட்டுக்குள் எறிந்தேன்.

அவர் வந்து பார்த்துவிட்டு, முதலில் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தார். பிறகு அவன் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பிரேக் பிடித்தார். சக்கரம் நின்றது. "பிரேக் நன்னாத்தானே இருக்கு? வேகம். நான் முன்னாடி போறேன்னு என்னைப் பிடிக்க வந்திருக்கான்," என்றார். நான் தலையாட்டினேன்.

விறகு லாரியில் கீழே கொண்டுபோனோம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் முட்டிச் சில்லை எடுத்துவிட்டார்கள். கால் இனி மடங்காது என்றார்கள். அவன் அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்து, "எப்பிடிப்பா ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா சொன்னார். "வேகமா வந்துட்டாம்மா. நாங்க சொன்னோம், கேக்கலை."

அந்த அம்மாள் உள்ளே போய் மகனைப் பார்த்த முதல் நிமிஷத்தில் அவன் தோளில் ரெண்டு அடி வைத்தார். "ஆட்டம் போட்டியா? ஆட்டம் போட்டியாடா பாவி?"

தேர்வு நாளில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கட்டோடு, கட்டையை ஊன்றிக்கொண்டு மைதானத்து வாசலில் நின்றான். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். கடிதத்தை வாங்கிப் பார்த்தார், காலைப் பார்த்தார். "எப்படிப்பா?" என்றார்.

"சைக்கிள்ல மலை எறங்கினேன் சார். என் தப்புதான். பிரேக்க சரியா புடிக்கல," என்றான்.

அதிகாரி கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் ரெண்டடி பின்னால் நின்றேன். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். அவனே அதை நம்பிவிட்டான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிரேக் நன்றாக இருந்தது என்று ஐயர் பார்த்துச் சொல்லிவிட்டார். அப்புறம் தப்பு யாருடையதாக இருக்க முடியும்?

வேலைதான் போயிற்று, கடலாவது இருக்கும் என்று நினைத்தேன். கட்டுமரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்துதான் துடுப்புப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மடங்காத காலோடு கட்டுமரத்தில் ஆள் நிற்க முடியாது. ஸ்டுடியோவில் ஏணி ஏறி விளக்குக் கட்ட முடியாது. அவன் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைத் தைத்தான். நான் பாலத்தின் வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். வெற்றிலை வாங்கிக்கொடுப்பேன். குப்பத்தில் பெரியவர்கள் என் முன்னாலேயே அவனைச் சொல்லுவார்கள். "சர்க்கார் வேலய ஒரு நாள் கூத்துக்குக் குட்த்தவன்." அவனும் சிரிப்பான். "ஆமா, நான் தான் கூத்தாடி," என்பான்.

இப்படி ரெண்டு வருஷம் ஓட்டினேன். மூன்றாவது ஆயுத பூஜைக்குப் பட்டறையில் புதுசாக வந்த ஒருத்தன் துணியில் ஆயிலைத் தொட்டு ஒரு சைக்கிள் ரிம்மைத் துடைத்தான். நான் அவனை அடித்துவிட்டேன். காது கிழிந்து ரத்தம் வந்தது. ஏன் அடித்தாய் என்று முதலாளி கேட்டார். மறுநாள் காலை குப்பத்துக்குப் போனேன்.

அவன் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தான். சுற்றிவளைக்காமல் சொன்னேன். பூஜைக்கு ரிம்மில் நான்தான் ஆயில் போட்டேன், அதனால்தான் பிரேக் பிடிக்கவில்லை, உன் தப்பு இல்லை என்றேன்.

அவன் ஊசியை நிறுத்தவில்லை. "ஐயரு புடிச்சிப் பாத்தாரே. நல்லா கீதுன்னாரே."

"அவர் வர்றதுக்குள்ள நான் தொடச்சிட்டேன்."

ஊசி நின்றது. "நான் எங்க இருந்தேன்?"

"மயங்கிக் கெடந்தே."

"நான் மயங்கிக் கெடக்கறேன், நீ தொட்ச்சிக்கினு இருந்தே."

"ஆமா."

"மேல டீக்கடையில தெரியுமா உனுக்கு?"

"தெரியும். என்னுத தொடச்சேன். உன்னுத தொடைக்கல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்கு சொல்ற?"

"சொல்லணும்னு தோணிச்சு."

"உனுக்குத் தோணிச்சு," என்றான். பிறகு திரும்பிக் குடிசையைப் பார்த்துக் கூப்பிட்டான். "எம்மா. இங்க வா. இவன் ஒன்னு சொல்றான், கேளு."

அவன் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார்.

"சொல்லு. எனக்குச் சொன்ன மாரியே சொல்லு. பூஜைலருந்து சொல்லு."

சொன்னேன். அந்த அம்மாளுக்கு ரிம் என்றால் என்ன என்று புரியவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு சைக்கிளைக் காட்டிச் சொல்லச் சொன்னான். காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப எம்புள்ள ஆட்டம் போடலியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"ஆஸ்பத்திரில அவன அட்ச்சேனே. நீ பாத்துக்கினு நின்னியே."

நின்றேன், அவ்வளவுதான்.

அவன் விடவில்லை. மாமனைக் கூப்பிட்டான். அவரிடம் சொல்லச் சொன்னான். எதிர்க் குடிசைக்காரரைக் கூப்பிட்டான். மீன் ஏலம் முடிந்து வந்தவர்களை நிறுத்தினான். ஒரு நாள் கூத்து என்று சொன்ன பெரியவரை ஆள் அனுப்பி வரவழைத்தான். ஒவ்வொருவரிடமும் நான் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கைக்குட்டையை விட்டுவிட்டால், "கர்ச்சீப்ப சொல்லு," என்பான். வெயில் ஏறிவிட்டது. எனக்கு நாக்கு வறண்டது. ஒருத்தரும் தண்ணீர் தரவில்லை. கடைசியில் அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தெர்லடா கண்ணு," என்று அவனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவன் கண் அப்போதுதான் கலங்கியது.

"இன்னும் ஒருத்தர் கீறாரு," என்றான் என்னிடம். "ஐயரு. அவராண்ட போய் சொல்லு. சொல்லிட்டு வந்து அவர் இன்னா சொன்னார்னு எனக்குச் சொல்லு. அதுக்கப்பறம் நீ இங்க வராத."

அன்று சாயங்காலமே மாடவீதிக்குப் போனேன். குமாஸ்தா இப்போது ஆபீசராகியிருந்தார். ஏலகிரிக் கதையை ரெண்டு வருஷமாக பேங்கில் சொல்லிக்கொண்டிருப்பவர். வேகம் எப்படி ஆளைக் கெடுக்கும் என்பதற்கு அவருக்கு அது உதாரணம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னப்பா இது, இப்போ வந்து கிளறிண்டு. நானே சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். கெட்டியா நின்னுது. அவன் மேல பரிதாபம், அதனால நீ இப்படிச் சொல்றே. புரியறது. ஆனா நடந்ததை மாத்த முடியாது."

"நான் தொடச்சதாலதான் சார் நின்னுது."

"அப்போ ஏன் அன்னிக்குச் சொல்லலை?"

"நீங்க சிரிப்பீங்கன்னு."

அவர் முகம் மாறியது. "பழி என் மேலயா? நன்னா இருக்கு," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் குப்பத்தில் போய் அப்படியே சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒத்துக்கினாதான் முடிஞ்சுது. மறுபடி போ," என்றான்.

அடுத்த ஞாயிறு போனேன். வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பினார். அதற்கடுத்த ஞாயிறு, வேலை இருக்கிறது என்றார். மூன்றாவது ஞாயிறு அவர் அம்மா வந்து கதவைப் பாதி திறந்தார்.

"அவன் ஆத்துல இல்லையே."

ரேழியில் அந்தச் சீமை சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ரேடியோவைக் கம்மியாக்குகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கதவைச் சாத்தவும் முடியாமல், என்னைப் போகச் சொல்லவும் முடியாமல் நின்றார்.

"பரவாயில்ல மாமி," என்றேன். "உங்ககிட்டயே சொல்றேன். ஊரூர் குப்பத்துல ஒருத்தனுக்குத் தீயணைப்பு வேலை வந்திருந்தது."

உள்ளே கேட்கும்படியாகத்தான் சொன்னேன். முதலிலிருந்து, ஒன்றும் விடாமல்.